பன்னிரண்டாவது தேங்காய்

மெயின்லேண்ட் கப்பலில் வந்த தபாலில், தூத்துக்குடியில் மகள் வீட்டில் சவரிமுத்து காலமானார் என்று இருந்தது. அழுதேன், அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. போர்ட் பிளேர் அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். எல்லாம் அந்தச் சட்னிதான்.

நான் படம் வரைபவன், அவர் கணக்குப் போடுபவர். மீனவர்களுக்குப் படகுத்துறை கட்டுமுன் அந்தக் கடலோரத்தில் நீரோட்டம் எப்படி என்று கணக்கிட வேண்டியிருந்தது. வழக்கம்போலப் படம் முழுக்கச் சதுரக் கட்டங்கள் போட்டுக் கொடுத்தேன். கரையோ பாறையும் அலையாத்தி வேருமாக நெளிந்து கிடந்தது. ஓரத்துக் கட்டங்கள் பாதி மண்ணில், பாதி தண்ணீரில். மனுஷன் ரப்பரை எடுத்து என் இரண்டு நாள் உழைப்பை அழித்தாரே பார்க்கலாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோவப்படாதயும்வே. கட்டம் எதுக்கு? கரை வளையுத மாதிரி புள்ளி வச்சாப் போதும். ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளிகளக் கேட்டுக்கிட்டு நகரும். தண்ணிய அமுக்க முடியாது, பாத்துக்கிடும். வந்தது அம்புட்டும் போயே ஆகணும்."

இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்ததில், கட்டக் கணக்கு தெற்கு மூலையைத் துறைக்குக் காட்டியது. புள்ளிக் கணக்கோ, அங்கே ஓட்டம் திரும்பிப் படகுகளைப் பாறையில் மோதும் என்றது. துறையில் நிறுத்தப்போகிற படகுகளில் அவர் தங்கை வீட்டுப் படகும் ஒன்று. எங்கள் மேலதிகாரி என்ஜினீயர் சாப் ஒரு சோதனை வைத்தார்: பன்னிரண்டு தேங்காய் மிதக்கவிடுவது, ஒவ்வொன்றும் ஒதுங்கும் இடத்தைச் சவரிமுத்து முன்கூட்டியே படத்தில் புள்ளி வைத்துக் காட்டுவது, ஒன்று பிசகினாலும் தெற்கு மூலைதான்.

காற்று பிடிக்காதபடி மட்டை உரித்து, சிவப்பு வர்ணம் பூசி, காலையில் விட்டோம். சாயங்காலத்துக்குள் பதினொன்று அவர் குறித்த இடங்களிலேயே ஒதுங்கின. பன்னிரண்டாவதைக் காணோம்.

"யாராவது எடுத்திருப்பாங்கன்னு சொல்லுமே" என்றேன்.

"பாக்காதத எப்படிவே சொல்ல? தப்புன்னா எங்கணக்குதான் தப்பு. தேங்காய்க்கு என்ன தெரியும்?" என்றவர் முகம் வாடிவிட்டது. தங்கையிடம் என்ன சொல்வது என்று யோசித்திருப்பார்.

மறுநாள் டிபன் நேரத்தில், சௌல்தாரி கிராமத்திலிருந்து வரும் பியூன் ராமுலு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தான். சட்னியில் சிவப்பாக ஒரு துணுக்கு. மிளகாயில்லை, வர்ணம்!

"அந்த லால் நாரியலா சாப்? சட்னி ஹோ கயா!" என்றான் அப்பாவியாக. கரையில் கிடந்த சிவப்புத் தேங்காயை எடுத்துப்போய்ச் சட்னி அரைத்துவிட்டானாம்.

எடுத்த இடத்தைக் காட்டச் சொல்லி, என்ஜினீயர் சாப் அவனைக் கையோடு கரைக்கு அழைத்துப் போனார். படத்தை அவன் பார்த்ததே இல்லை. நேராக நடந்துபோய்க் காட்டிய இடம் சவரிமுத்துவின் பன்னிரண்டாவது புள்ளி. துறை வடக்கே மாறியது. சவரிமுத்து மிச்சச் சட்னியை வழித்துச் சாப்பிட்டார், வர்ணத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு.

நேற்று அந்தத் துறைக்குப் போனேன். அவர் தங்கை வீட்டுப் படகு ஒரு கீறல் இல்லாமல் கட்டிக் கிடந்தது.

ராமுலுவிடம் அன்று வாங்கிய பாதிச் சிரட்டை என் மேஜையில் இருக்கிறது. அதற்குள் அவர் விட்டுப்போன தேய்ந்த ரப்பர். இனி என் கட்டங்களை யார்வே அழிப்பா?