மூன்றாவது மிதி

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். தலை முன்னால் வரும் பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாகட்டும். கால் முன்னால் வந்த பிள்ளைக்குப் பிறந்த அன்றே ஒரு உத்தியோகம் காத்திருக்கிறது. முதுகுப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு என்று யார் வந்தாலும் அந்தப் பிள்ளை மூன்று முறை மிதித்தால் விட்டுவிடுமாம். மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அந்த உத்தியோகத்தை ஒன்பது வயது வரை நான்தான் பார்த்தேன்.

காலையில் பல் தேய்ப்பதற்கு முன் மிதித்தால்தான் பலிக்கும் என்பது அத்தையின் சட்டம். அத்தை என்றால் அப்பாவின் அக்கா; எங்களோடுதான் இருந்தார், வீடும் அவர் சொன்னபடிதான் நடந்தது. தெருமுனை ஆட்டோக்காரர் விடிந்ததும் வாசலில் வந்து நிற்பார். "பாப்பா, முதுகு புட்ச்சிகினு கீது. ஒரு மிதி மிதிச்சிட்டுப் போ கண்ணு" என்று ஹாலில் குப்புறப் படுத்துக்கொள்வார். எங்கள் சபை பாஸ்டரும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவர், திங்கட்கிழமை வந்து ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தார். நான் மிதித்துவிட்டு, பெரியவர் மேல் கால் பட்ட பாவத்துக்காக அவர் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எழுந்தவர் கர்த்தருக்கு ஸ்தோத்திரமும் எனக்கு ஒரு சாக்லேட்டும் கொடுத்தார். சாதாரணப் பிடிப்பு நாலு நாளில் தானாகவே விட்டுவிடும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் நவம்பர் கடைசியில் அம்மாவுக்கு வலி வந்தது. அம்மா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பஸ்ஸில் நின்றுகொண்டு போய், வகுப்பில் நின்றுகொண்டு பாடம் நடத்தி, வீட்டுக்கு வந்து அடுப்படியில் நிற்பாள். வலி இடுப்புக்குக் கீழே இடது பக்கத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகப் பெருவிரல் வரைக்கும் போகும். தும்மினால் கரண்ட் அடித்த மாதிரி துடித்துப் போவாள். அத்தை அதை வாயு என்றார், பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். அப்பாவோ, "கிறிஸ்துமஸ் வந்தாலே உனக்கு ஏதாவது ஒண்ணு வந்துடும்" என்றார்.

"ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாங்க. காலெல்லாம் எரியுது" என்று அம்மா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. கெஞ்சல் எல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"பண்டிகை முடியட்டும். குல்குல் பலகாரம் போடணும், வீடு ஒட்டடை அடிக்கணும். அக்கா ஒத்த ஆளா என்ன பண்ணுவாங்க?" என்றார் அப்பா.

"வீட்லயே வைத்தியரை வச்சுக்கிட்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?" என்று அத்தை என்னைக் காட்டினார்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஊருக்கெல்லாம் மிதித்த என்னை அம்மா மட்டும் அதுவரை தன் முதுகைத் தொட விட்டதில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு. மறுநாள் விடிகாலையில் நானாகவே காலைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பாய் அருகே நின்றேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குப்புறத் திரும்பிப் படுத்தாள்.

முதல் மிதி சும்மா தொட்டது மாதிரி. இரண்டாவதும் அப்படித்தான். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "பூவு மேலயா நடக்குற? ஏறி நில்லு. ஏறி நின்னு ஒரு குதி குதி" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி ஏற்றினார். நான் குதித்தேன். அம்மா போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

"விட்டுச்சு பாரு!" என்றார் அத்தை.

விந்தை என்னவென்றால், அடுத்த இரண்டு நாளில் வலி நிஜமாகவே குறைந்தது. எரிச்சல் இல்லை, தும்மினால் துடிப்பதில்லை. "எப்படிம்மா இருக்கு?" என்று நான் அரை மணிக்கு ஒரு தடவை கேட்டேன். "பரவாயில்ல கண்ணு" என்றாள். கால் மட்டும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குல்குல் உருட்டினாள், ஒட்டடை அடித்தாள், பள்ளிக்கும் போனாள். நான் தெருவெல்லாம் பெருமை அடித்தேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். எனக்கும் அதே வலி, அதே இடது காலில், போன வருஷம் வந்தது. சேலையூரில் பிசியோதெரபி செய்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும், படுத்தே கிடக்காதீர்கள், முடிந்தவரை நடங்கள், சுமை மட்டும் தூக்காதீர்கள். ஆனால் கால் மரத்துப் போனாலோ பாதம் தொய்ந்தாலோ அன்றைக்கே ஓடி வாருங்கள் என்றாள். வலி குறைந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். "எப்பவும் இல்லைங்க. நரம்பு ஓஞ்சு போனாலும் வலி நின்னுடும்" என்றாள். அம்மாவின் கதையைச் சொல்லி, அந்த மிதியால்தான் அப்படி ஆயிற்றா என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்க. மிதிக்காம இருந்தாலும் ஆகியிருக்கலாம்" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இது தீராது.

அன்று நான் மிதித்து ஒரு வாரம் கழித்து, பஸ் ஏறும்போது அம்மாவின் இடது கால் செருப்பு கழன்று கீழே விழுந்தது. அது கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. கண்டக்டர் சொன்ன பிறகு குனிந்து பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலம்தான் அப்பா அவளைத் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் கூடப் போனேன்.

"பெருவிரலை மேல தூக்குங்கம்மா" என்றார் டாக்டர். அம்மா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

"எத்தனை நாளா இப்படி? யாராவது மிதிச்சு விட்டாங்களா? இழுத்துக் கிழுத்து விட்டாங்களா?"

நான் நிமிர்ந்து நின்றேன். என் பெயர் வரப்போகிறது. அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் அம்மா.

அந்தப் பொய்யை அப்பாவும் அத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "பார்த்து நடன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்டாத்தானே" என்றார் அப்பா. ஆபரேஷன் ஆன பிறகும் பாதம் சரியாகத் தூக்க வரவில்லை. மறு ஜூனில் அம்மா பள்ளிக்குப் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை. வேலை போனதற்கும் அவள் கவனக்குறைவுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஒரு நாளும் அவள் மறுத்துப் பேசவில்லை. அப்பாவை இதற்காக நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

என்னை மட்டும் என்ன சொல்வது? எல்லார் முன்னாலும் என் உழைப்பை இல்லையென்று சொல்லிவிட்டாளே என்று, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் நான் அவளோடு பேசவில்லை. ஜன்னல் ஓரமாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாலை அவளே கூப்பிட்டாள்.

"கிட்ட வாடி கண்ணு. இந்தக் காலைக் கொஞ்சம் அமுக்கி விடு."

"பாத்ரூம்லதான விழுந்த? அந்த பாத்ரூமையே வந்து அமுக்கச் சொல்லு" என்றேன்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவரைச் சிரிக்க வைத்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் காலில் யார் கை பட்டாலும் அவளுக்குத் தெரியாது என்று டாக்டர் சொன்னதை நானும் கேட்டிருந்தேன். பிறகு எதற்கு என்னைக் கூப்பிட்டாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.