சுவர் நின்ன இடத்துல வார்த்த சக்கரம்

நாத்தனார் வாயிலேர்ந்து அண்ணியைப் பத்தி நல்ல வார்த்தை வருதேன்னு யாரும் மயக்கம் போட்டு விழுந்துடாதீங்க. நானும் லேசுப்பட்டவ இல்ல. அண்ணி இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அவங்க நின்னா ஒரு குத்தம், நடந்தா ஒரு குத்தம்னு சொல்லிக்கிட்டு இருந்தவதான். ஆனா கண்ணால பாத்ததை இல்லன்னு சொல்ல முடியுமா? சொல்றேன், கேளுங்க.

எங்களுக்கு வார்ப்பட்டறை. பழைய இரும்பை உருக்கி, மணல் அச்சுல ஊத்தி, பம்பு உறை, சக்கரம், அடுப்புத் தட்டுன்னு கேட்டதைச் செஞ்சு குடுக்கிறது. இந்தப் பொட்டல்ல எதுக்குப் பட்டறைன்னு புதுசா வர்றவங்க எல்லாம் கேப்பாங்க. மணலுக்காகத்தான். மேற்கே மலையிலேர்ந்து இறங்குற ஆறு எங்க ஊர்கிட்ட வந்து சோம்பல் முறிக்கிற மாதிரி ஒரு வளைவு வளையுது. அந்த வளைவுல அது கொண்டுவந்து போடுற மணல் வேற ஜாதி. கையில பிடிச்சா பிடியிலயே நிக்கும், ரேகை கூடப் பதியும். கொதிக்கிற இரும்பை அது மேல ஊத்தினாலும் அசையாது. கொஞ்சம் மேல போனா வெறும் மணல், கொஞ்சம் கீழ போனா வெறும் சேறு. ஒரு மலை பொடிப்பொடியா உதிர்ந்து, நடந்து வந்து, சரியா எங்க வாசல்ல இறங்கியிருக்கு பாருங்க. அதை நினைச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்கும். மழையை நம்பி எதுவும் விளையாத ஊர்ல, நாங்க அத்தனை பேரும் அந்த வளைவை வச்சுத்தான் சாப்பிடுறோம்.

அண்ணி இதே தண்ணியோட கடைசியில இருக்கிற ஊரு. மலையடிவாரத்துல ஆத்தை மறிச்சு ஒரு ஏரி. அதோட மதகைத் திறந்தா கால்வாய் வழியா தண்ணி ஒவ்வொரு ஊரா நனைச்சுக்கிட்டே போய், கடைசியா அவங்க ஊர்ல முடியும். அண்ணியோட அப்பாதான் அங்கேயே தங்கி அந்த மதகுக்குக் காவல். கதவைத் தூக்குற பல்சக்கரத்தை வாலிபத்துலேர்ந்து அவர் ஒருத்தர்தான் திருப்பிக்கிட்டு வந்தாரு. பாக்க ஒல்லியா இருப்பாரு. கை மட்டும் ஆளுக்குச் சம்பந்தமே இல்லாம அவ்வளவு பெருசு.

எங்க பட்டறையில பொம்பளைங்க மணல் சலிப்போம். வார்த்த சாமானை சுத்தியால தட்டிப் பிசிறு எடுப்போம். அது என் வேலை. தட்டுறப்பவே தெரிஞ்சிடும். நல்ல வார்ப்பு கணீர்னு பேசும், உள்ள கோளாறு இருந்தா தொண்டை கட்டின மாதிரி ஒரு சத்தம் போடும். அச்சுக் கட்டுறது மட்டும் ஆம்பளைங்க வேலைன்னு இருந்துச்சு. அண்ணி வந்தாங்க, சலிச்சாங்க, சும்மா இருக்காம அண்ணன் பக்கத்துல போய்க் குந்தினாங்க. "ஏங்க, இந்த மூலையில மண்ணு இன்னும் கொஞ்சம் இறுகணும்"னாங்க. எங்கண்ணன் வாய் திறந்து பேசினாலே அன்னிக்கு மழை வரும். அவரு தள்ளி உக்காந்து இடம் விட்டாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அச்சுன்னா அண்ணிதான். "மகாராணி மண்ணு பிசையறாங்க"ன்னு நான் கிண்டல் பண்ணாத நாள் இல்ல. அவங்க அதைக் காதுலயே போட்டுக்க மாட்டாங்க. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

பட்டறையைப் பத்தி இன்னொரு விஷயம். ஒரே கூரைதான், ஆனா நடுவுல ஒரு சுவர். இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் எங்க சித்தப்பா. ரெண்டு பேருக்கும் தனித்தனி உலை. எங்கப்பாவும் சித்தப்பாவும் ஒரு சல்லடைக்காகச் சண்டை போட்டுப் பிரிஞ்சாங்க. ஆமா, மணல் சலிக்கிற சல்லடை. அது என்னுது, இது உன்னுதுன்னு ஆரம்பிச்சு, சுவர்ல போய் முடிஞ்சது. அப்பா போய்ச் சேர்ந்தாரு, சல்லடையும் துருப்பிடிச்சுப் போச்சு, சுவர் மட்டும் நின்னுச்சு. சித்தப்பாவுக்கு மூக்கு மேல கோபம். தெருவுல எதிர்ல வந்தாலும் ஆகாசத்தைப் பாத்துக்கிட்டே போவாரு. நாங்களும் சளைச்சவங்களா? தரையைப் பாத்துக்கிட்டுப் போவோம்.

இப்படி இருக்கிறப்பதான் ஒருநாள் அண்ணியோட அப்பா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. முகத்துல ஈயாடல. வந்தவர் உக்காந்து ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டாரு.

"சக்கரம் உடைஞ்சு போச்சும்மா. என் கையால."

கதிர் பிடிக்கிற நேரம். அண்ணி ஊரு வரைக்கும் பயிர் தண்ணிக்கு வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. இவர் எப்பவும் போலத் திருப்பியிருக்காரு, சக்கரம் ரெண்டாப் பிளந்திடுச்சு. ஏரி நிறையத் தண்ணி, கதவு மூடிக் கிடக்கு. சங்கிலி போட்டு இழுத்துப் பாத்தாங்க, கடப்பாரை போட்டு நெம்பிப் பாத்தாங்க. ஊஹூம். ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்தவங்களும் பாவம், உண்மையைத்தான் சொன்னாங்க. அந்தக் காலத்துச் சக்கரம், புதுசு செஞ்சு வர்றதுக்குள்ள அறுப்பே முடிஞ்சிடும்னாங்க. ஊர்க்காரங்க கோபத்தை யார் மேல காட்டுறது? "கிழவன் முரட்டுத்தனமாத் திருப்பிட்டான், அத்தனை பேர் வயித்துலயும் அடிச்சுட்டான்"னு அவர் காதுபடப் பேசியிருக்காங்க. அவர் சொந்த அண்ணன் மகனே அதைச் சொல்லியிருக்கான். மனுஷன் அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைஞ்சது. சோறு போட்டா தொடல. கையை வெளிய எடுத்தாத்தானே சாப்பிட முடியும்?

அண்ணி அழல. "உடைஞ்ச துண்டுங்க எங்க இருக்குப்பா?"ன்னு கேட்டாங்க.

துண்டுங்க வண்டியில வந்து இறங்கினப்ப நாங்க அசந்து போயிட்டோம். சக்கரமா அது? நான் ரெண்டு கையை விரிச்சாலும் ஓரம் எட்டல. அண்ணன் நம்ம உலையை ஒரு பார்வை பாத்தாரு, சக்கரத்தை ஒரு பார்வை பாத்தாரு. "பத்தாது"ன்னாரு. எங்க உலையில ஒரு தடவை உருகுற இரும்பு அந்தச் சக்கரத்துல பாதிக்குத்தான் வரும்.

"ரெண்டு தடவையா ஊத்திடலாம்"னாங்க அண்ணி. "முதல் ஊத்து ஆறுறதுக்குள்ள அடுத்ததை ஊத்திடணும். நான் பாத்துக்கிறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு உலை இருக்குங்கிறது எங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் வாயிலேர்ந்தும் வரல. எனக்கும் வரல. நாக்கை அறுத்துப் போட்டாலும் சித்தப்பாவைக் கேக்கிறதான்னு இருந்தோம்.

உடைஞ்ச துண்டுகளையே ஒண்ணாச் சேத்துக் கட்டி, அச்சு எடுக்கிறதுக்கு மாதிரியா ஆக்கினாங்க அண்ணி. இரும்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும் இல்லையா, அதுக்காக மேல அட்டை ஒட்டித் தடிப்பாக்கினாங்க. தரையைத் தோண்டி, வளைவு மணலை நிரப்பி, அச்சுக் கட்டினாங்க. பல்லுக்குப் பல்லு விரலால நீவி விட்டாங்க. ஊத்தினோம். உலைக்கு ஓடி அடுத்த இரும்பை உருக்கினோம். திரும்ப ஊத்தினோம். ஆறினதும் தோண்டி எடுத்தா, பாக்க அப்படி ஒரு அழகு! அண்ணியோட அப்பா கூட எழுந்து நின்னுட்டாரு.

நான் சுத்தியால ஒரு தட்டு தட்டினேன்.

கட்டின தொண்டை. திரும்பத் தட்டினேன். அதே சத்தம். துடைச்சுப் பாத்தா நடுவுல மயிரிழை மாதிரி ஒரு கோடு. முதல் இரும்பும் ரெண்டாவது இரும்பும் பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கு, ஒட்டல. ஒரு திருப்பு தாங்காது. அண்ணியோட அப்பா திரும்பவும் உக்காந்து கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டாரு.

அண்ணி கையைக் கழுவினாங்க. தலையைக் கட்டினாங்க. நேரா வாசல் வழியா வெளிய போய், சுத்தி வந்து, சித்தப்பா பட்டறைக்குள்ள நுழைஞ்சாங்க. நான் சுவர்ல காதை வச்சுக்கிட்டேன். வேற யாருக்கு அந்தப் பொறுப்பு இருக்கு?

"சின்ன மாமா, உங்க உலை வேணும்."

அந்தப் பக்கத்துலேர்ந்து சித்தப்பா குரல். "உலையைத் தூக்கிக்கிட்டா போவே?"

"இங்கேயே இருக்கட்டும். நீங்க உங்க பக்கத்துலேர்ந்து ஊத்துங்க, நாங்க எங்க பக்கத்துலேர்ந்து ஊத்துறோம். ரெண்டும் ஒரே நேரத்துல."

"இரும்பைத் தூக்கிக்கிட்டு தெருவைச் சுத்தி வரச் சொல்றியா? பாதி வழியில கட்டியாயிடும்."

"அதான் மாமா, அச்சு நடுவுல இருக்கணும். ரெண்டு உலைக்கும் நடுவுல."

நடுவுல என்ன இருக்கு? சுவர். என் காது அது மேலதான் இருக்கு.

சித்தப்பா கேட்டாரு. "திருப்பி யாரு கட்டுறது?"

"நான் கட்டித் தரேன். என் கையாலயே. சொன்னா சொன்னதுதான்."

சொல்லி வாய் மூடல, அந்தப் பக்கத்துலேர்ந்து சம்மட்டி விழுந்துச்சு. என் காது போயே போச்சுன்னு நினைச்சேன். சித்தப்பாவேதான் இடிச்சாரு. இந்தப் பக்கத்துலேர்ந்து அண்ணன் இடிச்சாரு. மதியத்துக்குள்ள சுவர் தரையோட தரை. அத்தனை வருஷம் கழிச்சு அந்தக் கூரையை முழுசாப் பாத்தேன். இவ்வளவு பெரிய இடத்துலயா நாங்க இடிச்சுப் புடைச்சுக்கிட்டுக் கிடந்தோம்!

சுவர் நின்ன இடத்துலயே குழி வெட்டி அண்ணி திரும்ப அச்சுக் கட்டினாங்க. சித்தப்பா பக்கத்துல நின்னு, "அங்க குத்து, இங்க நீவு"ன்னு நொட்டை சொல்லிக்கிட்டே இருந்தாரு. அண்ணி எல்லாத்துக்கும் "சரிங்க மாமா". அச்சுக்கு ரெண்டு வாய் வச்சாங்க, பக்கத்துக்கு ஒண்ணு.

ஊத்துற அன்னிக்கு ரெண்டு உலையும் ஒண்ணா இரைஞ்சுது பாருங்க, தகரக் கூரையே அதிருது. பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது. ஒண்ணு, ரெண்டு எண்ணி ஊத்த முடியாது. அப்ப எப்படி ஒரே நேரத்துல ஊத்துறது? முகத்தைப் பாத்துத்தான். இந்தப் பக்கம் அண்ணி, உருகின இரும்பு நிறைஞ்ச கரண்டிப் பிடியில கை வச்சு நிக்கிறாங்க. அந்தப் பக்கம் சித்தப்பா. எங்க வீட்டு ஆளுங்க மூஞ்சியை நிமிர்ந்தே பாக்காத மனுஷன், அண்ணி கண்ணையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அண்ணி தலையை லேசா அசைச்சாங்க.

ரெண்டு பக்கத்துலேர்ந்தும் இரும்பு இறங்குச்சு. நான் பொறந்ததுலேர்ந்து இரும்பு ஊத்துறதைப் பாக்கிறவ. ஆனா அன்னிக்குப் பாத்தது வேற. ரெண்டு வெளிச்சம் மண்ணுக்குள்ள போகுது, உள்ள எங்கேயோ போய் ஒண்ணை ஒண்ணு தேடுது, தரையே கீழேர்ந்து சிவக்குது. எனக்கு அழுகை வந்துடுச்சு. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. மலையிலேர்ந்து வந்த மண்ணு, எங்கெங்கேயோ உடைஞ்சு வந்த இரும்பு, பேசாத ரெண்டு வீடு, எல்லாத்தையும் ஒரு பொம்பளை ஒரு தலையசைப்புல சேத்துட்டாளேன்னு இருந்துச்சு.

உடனே தோண்டினா விரிசல் விடும். ஆற விடணும். பயிர் அங்க காயுது, அண்ணியோட அப்பா இங்க எட்டி எட்டிப் பாக்கிறாரு. "எடுத்துடலாமா?"ன்னு எங்கண்ணனே வாய் திறந்து கேட்டுட்டாரு, பாத்துக்கோங்க. அண்ணி குழி ஓரத்துல உக்காந்து யாரையும் கிட்ட விடல. கடைசியில அவங்களே கையால மண்ணை விலக்கினாங்க. என்னைப் பாத்தாங்க. "தட்டு."

எனக்கு வேணாம்னு சொல்லலாமான்னு கூட இருந்துச்சு. தட்டினேன்.

கணீர்!

அந்தச் சத்தம் அடங்குறதுக்குள்ள சித்தப்பா மூக்கைச் சிந்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. புகையாம்.

மதகுக்குச் சக்கரம் போனப்ப நாங்க எல்லாரும் போனோம், சித்தப்பாவும் சேத்துத்தான். அரத்தால ராவிச் சரி பண்ணி மாட்டினாங்க. கரை முழுக்க ஜனம். அண்ணியோட அப்பாவைப் பழிச்சுப் பேசின அவரோட அண்ணன் மகனும் நின்னான். "நான் திருப்புறேன்"னு முன்னால வந்தான். அண்ணி அவனை ஏறெடுத்தும் பாக்கல.

"அப்பா, நீங்க வாங்க."

"வேணாம்மா. என் கை வேணாம்."

"உடைஞ்சா திரும்ப வார்த்துத் தரேன். திருப்புங்க."

அவ்வளவுதான் சொன்னாங்க. அந்த மனுஷன் தன் கையை ஒரு தடவை வேட்டியில துடைச்சுக்கிட்டாரு. சக்கரத்தைப் பிடிச்சாரு. முதல்ல ஒண்ணும் நடக்கல. அப்புறம் கீழ எங்கேயோ ஒரு முனகல். அப்புறம் தண்ணி. யப்பா, என்ன சத்தம் அது! கால்வாய்ல காஞ்சு கிடந்த சருகையெல்லாம் தள்ளிக்கிட்டு அது பாட்டுக்கு ஓடுது. ஜனமெல்லாம் அது கூடவே ஓடுது. அண்ணியோட அப்பா மட்டும் சக்கரத்தை விட்டுக் கையை எடுக்காம நின்னாரு. அன்னிக்கு மத்தியானம் அவர் சாப்பிட்டாரு. நான்தான் பரிமாறினேன், ரெண்டாவது தடவையும் கேட்டாரு.

திரும்பி வந்த மறுநாளே அண்ணி செங்கல்லை அடுக்கிக்கிட்டுச் சுவர் கட்ட உக்காந்துட்டாங்க. "பைத்தியமா உங்களுக்கு?"ன்னு நான் கத்தினேன். "சொல்லியிருக்கேனே"ன்னாங்க. நாலு வரிசை வச்சாங்க. சித்தப்பா வந்தாரு, நூல் பிடிச்சுப் பாத்தாரு. "மட்டம் சரியில்ல"ன்னு சொல்லி மேல ரெண்டு வரிசையைப் பிரிச்சுப் போட்டாரு. அண்ணி மறுபடியும் வச்சாங்க. அவர் மறுபடியும் வந்தாரு.

"மட்டம் சரியில்லம்மா."

எங்க ஊர்லயே மட்டம் பாக்கிறதுல எங்கண்ணியை மிஞ்ச ஆள் கிடையாது. அது சித்தப்பாவுக்கும் தெரியும். இன்னிக்கு வரைக்கும் அந்தச் சுவர் முழங்காலுக்கு மேல எழும்பல. மதியத்துல ரெண்டு பட்டறை ஆளுங்களும் அது மேலதான் உக்காந்து சாப்பிடுறோம். சித்தப்பா எப்பவும் அண்ணிக்குப் பக்கத்துலதான் உக்காருவாரு, சாப்பிட்டு எழும்போது கீழ குனிஞ்சு பாத்து, "இன்னும் சரியில்ல"ம்பாரு.