பாத்திமா அக்கா போட்ட இஞ்சி டீ

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் காபிதான். கல்யாணமாகி மலைக்கோட்டைப் பக்கம் குடிவந்த பிறகும் நான் டீயைத் தொட்டதில்லை.

ஐந்தாம் மாதத்தில் எங்கள் பெண் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள், "அடுத்தது நல்லபடியா பொறக்கும்" என்றார்கள். தலையாட்டினேன். அழுகை வரவில்லை.

பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா இஞ்சி டீயோடு வந்து அருகில் உட்கார்ந்தார்.

"நான் டீ குடிக்கிறதில்லக்கா."

"இன்னிக்குக் குடிம்மா, இதமா இருக்கும்." பிறகு மெல்லக் கேட்டார்: "புள்ளைக்கு என்ன பேரு நெனச்சு வச்சிருந்தே?"

யாரும் அதைக் கேட்டதில்லை. ஒரு வாய் குடித்தேன். இனிப்பும் காரமுமாகத் தொண்டையில் இறங்கியது.

"யாழினி" என்றேன். உடனே அழுகை பொங்கிவிட்டது.

"யாழினி. அழகான பேரும்மா" என்று முதுகைத் தடவினார்.

இப்போது சாயங்காலமானால் எனக்கும் டீதான் வேண்டும். என் மகளின் பெயரை இன்னொருவர் சொல்லிக் கேட்டது அன்று மட்டும்தான்.