வந்து சேர்ந்துவிட்டீர்கள்

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பயத்தைவிடக் கூச்சம்தான் அதிகம். கதை கட்டுகிறவன் தன்னைக் கொஞ்சமாவது நல்லவனாகக் காட்டிக்கொள்வான் அல்லவா? இதில் நான் எந்த இடத்திலும் நல்லவன் இல்லை. அதை வைத்தாவது, நடந்ததுதான் என்று நம்புங்கள்.

என் வேலை ட்ரோன்களை விரட்டுவது. ஊருக்கு வெளியே பெரிய எண்ணெய்த் தொட்டிகள் இருக்கின்றன. அங்கே அனுமதியில்லாத ட்ரோன் வந்தால் சுட முடியாது. ஒரு பொறி விழுந்தால் எல்லாம் சாம்பல். அதனால் எங்களிடம் இருப்பது ஒரு பெட்டி. அது பொய் சொல்லும். தான் எங்கே இருக்கிறோம் என்பதை ட்ரோன் செயற்கைக்கோள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறது. எங்கள் பெட்டி அதைவிடச் சத்தமாக, ‘நீ விமான நிலையத்துக்கு மேலே இருக்கிறாய்’ என்று சொல்லும். அங்கே பறக்கக் கூடாது என்பது ட்ரோனுக்கே தெரியும். சமர்த்தாகக் கீழே இறங்கிவிடும். வெடி இல்லை, புகை இல்லை. நாங்கள் அந்தப் பெட்டிக்கு வைத்த பேர் புளுகன்.

திங்கட்கிழமை இரவு ஒரு ட்ரோன் வந்தது. அவசரத்தில் விமான நிலையத்தின் இட எண், அதாவது வரைபடத்தில் அது இருக்கும் இடத்தைக் குறிக்கும் எண், கைக்குச் சிக்கவில்லை. என் ஃபோனில் பெரியாஸ்பத்திரியின் இட எண் இருந்தது. என் மனைவி அங்கே நர்ஸ். அந்த மொட்டைமாடியில் ஹெலிகாப்டர் இறங்கும் தளம் உண்டு, அங்கேயும் ட்ரோன் பறக்காது. அந்த எண்ணையே புளுகனுக்குக் கொடுத்தேன். ட்ரோன் பொத்தென்று இறங்கியது. மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

புளுகனின் பொய் ட்ரோனுக்கு மட்டும் போவதில்லை. பக்கத்துச் சாலையில் போகிறவர்களின் ஃபோனுக்கும் போகும். அது எனக்குத் தெரியும். அரை மணி நேரம்தானே, இந்தப் பனியில் எவன் வரப்போகிறான் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து காவலாளியின் நாய் சாலையோரக் கால்வாய்ப் பக்கம் பார்த்து ஓயாமல் குரைத்தது. காவலாளிக்குப் பெரிய மீசை, அதனால் எல்லாருக்கும் அவர் கேப்டன்.

"கேப்டன், அதைக் கட்டிப் போடுங்க. உயிரை வாங்குது."

கட்டிப் போட்டார்.

வியாழன் இரவு. மணி 2.10. கேப்டன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கேட்டில் யாரோ தட்டினார்கள். டக்... டக்...

ஒரு பெண். முப்பது வயது இருக்கும். மழையே இல்லை. ஆனால் தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"இது ஆஸ்பத்திரிதானேங்க?"

"இல்லம்மா. இங்க நிக்கக் கூடாது. கெளம்புங்க."

"வந்து சேர்ந்துட்டீங்கன்னு சொல்லுதே..."

கம்பிகளுக்கு நடுவே ஃபோனை நீட்டினாள். வரைபடத்தில் பெரியாஸ்பத்திரியின் வாசல். நீலப் புள்ளி சரியாக அதன் மேல் நின்றது.

எனக்கு முதலில் வந்தது பேய்ப் பயம் இல்லை, வேலை போய்விடுமோ என்ற பயம். புளுகனை அணைக்காமல் விட்டுவிட்டேனா? திரும்பிப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. மூன்று நாளாக யாரும் அதைத் தொடவே இல்லை.

மறுபடி ஃபோனைப் பார்த்தேன். அதில் மணி 11.48. நகரவில்லை.

கண்ணாடிக்கு உள்ளே தண்ணீர் ஆடியது.

"அப்பாவுக்கு மூச்சு வாங்குதுங்க. பின் சீட்டுல இருக்காரு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"வண்டி எங்க?"

கால்வாய்ப் பக்கம் கை காட்டினாள். ஒரு விளக்கும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. டிங்... டிங்... டிங்... சீட் பெல்ட் போடாவிட்டால் கார் அடிக்குமே, அந்தச் சத்தம்.

காற்று அடித்தாலே குரைக்கிற நாய், அவளைப் பார்த்து மெதுவாக வாலை ஆட்டியது.

போய்ப் பார்த்திருக்கலாம். கேப்டனையாவது எழுப்பியிருக்கலாம். புளுகனைப் பற்றி வெளியே மூச்சுவிட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். அவளை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

"ஃபோன் ரிப்பேரா இருக்கும். லெஃப்ட்ல திரும்பிப் போங்க, மெயின் ரோடு வரும்."

"இதுவும் லெஃப்ட்டுன்னுதாங்க சொல்லுச்சு" என்றாள். குரலில் கோபமே இல்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கேட்டுக்கு அப்பால் யாரும் இல்லை. கம்பியில் சேறு இருந்தது. விடிவதற்குள் நானே துடைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மனைவி டியூட்டி முடிந்து வந்தாள். சாப்பிட உட்கார்ந்தோம்.

"ஏங்க, அந்தத் தம்பி இன்னைக்கும் வந்துட்டாரு."

"எந்தத் தம்பி?"

"அக்காவையும் அப்பாவையும் தேடுறாரு. திங்கக்கிழமை ராத்திரி அப்பாவுக்கு மூச்சுத் திணறல்னு அக்கா கார்ல கூட்டிட்டுக் கெளம்பியிருக்காங்க. ஃபோன் கடைசியா எங்க ஆஸ்பத்திரி வாசல்ல இருந்ததா காட்டுது. நாங்கதான் ஒளிச்சு வச்சிருக்கோம்னு கத்துறாரு, பாவம். பொணவறை வரைக்கும் பார்த்துட்டாரு. போலீசும் எங்களத்தான் சுத்திச் சுத்தித் தேடுது."

ஆஸ்பத்திரிக்குள் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். எங்கள் சாலையில் இடது பக்கம் கால்வாய்.

வாய் வரைக்கும் வந்தது, சொல்லிவிடலாம் என்று. சொன்னால் வேலை போகும். ஜெயில்கூட வரலாம். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது, நாலு நாள் ஆகிவிட்டதே என்று நினைத்தேன்.

"என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கம் இல்ல. நீ சாப்பிடு."

நானும் சாப்பிட்டேன். வெட்கம் கெட்டவன், தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்று இரவும் அதே 2.10.

கேட் பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

தட்டியது என் அறைக் கதவில்.

டக்... டக்...

டிங் சத்தம் இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

கதவின் அடியில் தண்ணீர் வந்தது. என் கால்விரலைத் தொட்டது. ஐயோ... என்ன சில்லிப்பு!

"இது ஆஸ்பத்திரி இல்லம்மா" என்றேன். குரல் உடைந்துவிட்டது. "நான்தான்... நான்தாம்மா பொய் சொல்ல வச்சேன்."

வெளியிலிருந்து அவள் குரல் வந்தது.

"இப்ப அவசரம் இல்லங்க."

சேறு மணத்தது.

"தம்பிகிட்ட மட்டும் சொல்லிடுங்க..."

விடிந்ததும் ஒரு கடையிலிருந்து போலீசுக்கு ஃபோன் செய்தேன். கால்வாயில் பாருங்கள் என்றேன். பேர் கேட்டார்கள். வைத்துவிட்டேன்.

நாணல் புதருக்குள் கார் கிடந்தது. முன்பக்கம் முழுக்கத் தண்ணீரில். பின்பக்கம் மட்டும் கரையில் மாட்டிக்கொண்டு மேலே நின்றது. எங்கள் கேட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

சனிக்கிழமை மாலை மனைவி அழுதுகொண்டே வந்தாள்.

"யாரோ பேர் சொல்லாம ஃபோன் பண்ணி இடத்தச் சொன்னாங்களாம். அந்த மனுஷன் நல்லா இருக்கணும், ஒரு தடவை அவரைப் பார்த்துக் கும்பிடணும்னு அந்தத் தம்பி சொல்லிச் சொல்லி அழுறாருங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா திங்கக்கிழமை ராத்திரியே போயிட்டாங்க. ஆனா பெரியவரு..." மூக்கை உறிஞ்சினாள். "பின் சீட்டுல தண்ணி ஏறவே இல்லயாம். காலு மாட்டிக்கிச்சு, எழுந்திரிக்க முடியல. நேத்து சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருந்திருக்காருன்னு டாக்டர் சொல்றாரு."

நேற்று சாயங்காலம். அப்போது நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அவள் தம்பியிடம் சொல்லச் சொன்னாள். நான் இன்னும் சொல்லவில்லை.