டில்லியில் சோறு தேடி

எண்பதுகளில் மலேசியாவிலிருந்து நானும், ரப்பர் தோட்டத்தில் என்னோடு பால்மரம் வெட்டிய தோழியும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு டில்லியைச் சுற்றிப் பார்க்கப் போனோம். போன நாளிலிருந்து சப்பாத்திதான். "இன்னிக்கும் சோறு இல்லன்னா நான் ஊருக்குத் திரும்பிடுவேன்" என்றாள் தோழி.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிய ஓர் அம்மாவைப் பார்த்ததும், தமிழராகத்தான் இருப்பார் என்று பின்னாலேயே நடந்தோம். கேட்கக் கூச்சம். அவர் சட்டென்று திரும்பி இந்தியில் அதட்டினார். எங்கள் ஊரில் தெரியாதவர்களிடம் மலாயில்தான் பேசுவோம். பதற்றத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

அவர் பக்கத்திலிருந்த மகளிடம், "பாவம்டி, இதுகளுக்கு ஹிந்தியும் தெரியல, தமிழும் தெரியல" என்றார்.

"தமிழ் தெரியும்க்கா. சோறுதான் கிடைக்கல" என்றேன்.

மோதி பாக்கில் அவர் வீட்டில், தோழி ரசத்துக்கு மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டாள். நான் கூச்சப்பட்டு இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.