குழாய் வாயில் கட்டிய சாக்கு

ஆடி மழையில் சாந்தன்பாறையில் துணி காயாது. மகள் பிரசவத்துக்கு வந்தபோது மருமகன் துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்தது அதனால்தான். உள்ளே சூடான காற்றில் துணி சுழலும். ஈரக்காற்று பின்சுவரைத் துளைத்துப் போகும் ஒரு குழாய் வழியே வெளியேறும். அந்த அறை எப்போதும் கதகதப்பாக இருந்ததால், பிறந்து முப்பத்தைந்து நாளான பேத்தியின் தொட்டிலையும் அங்கேயே கட்டினோம்.

பராமரிப்பு என் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் வடிகட்டியை உருவி, ஒட்டியிருக்கும் பஞ்சை வழித்தெடுத்து, கிழமையும் நேரமும் நாட்குறிப்பில் எழுதினேன். கையேட்டை இரண்டு முறை படித்திருந்தேன், பொருத்துவது பற்றிய பக்கங்களைத் தவிர. அது பொருத்த வந்தவர் பாடு என்று விட்டுவிட்டேன்.

முதல் வாரம் ஓர் ஈடு துணி முக்கால் மணி நேரத்தில் காய்ந்தது. அடுத்த வாரம் ஒன்றேகால் மணி. மூன்றாம் வாரம் இரண்டு மணி. மழை வலுத்துவிட்டது என்று எழுதினேன். இரண்டு தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. ஆறவிட்டுப் பொத்தானை அழுத்தியதும் மறுபடி ஓடியது. கரண்டு சரியில்லை என்று எழுதினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினொரு மணிக்குக் கருகல் வாடை. மனைவிதான் முதலில் முகர்ந்தாள். ஓடிப்போய் அணைத்துக் கதவைத் திறந்தேன். குழந்தைத் துண்டு ஒன்றின் ஓரம் பழுப்பாகியிருந்தது.

பூப்பாறையிலிருந்து மெக்கானிக் வந்தார். பின்தகட்டைக் கழற்றியவர், டார்ச்சை என் கையில் கொடுத்தார். சூடேற்றும் கம்பிச்சுருளைச் சுற்றிப் பஞ்சு கம்பளிபோல் படிந்திருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கரி.

"தீயே பிடிச்சு அமந்திருக்குங்கய்யா. காத்து வெளிய போற வழி அடைச்சிருக்கும்."

குடையோடு வீட்டின் பின்பக்கம் போனார். திரும்பியபோது கையில் நனைந்த சாக்குத் துண்டு ஒன்று. அதன் உள்பக்கம் பஞ்சு அப்பியிருந்தது.

"யாரு பாத்த வேல இது?"

"எலியாத்தான் இருக்கும்," என்றாள் மனைவி.

"எலி சணல் கயித்துல ரெட்ட முடிச்சு போடுமாக்கா?"

அது என் முடிச்சு. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் இருபத்தாறு ஆண்டுகள் உலர்த்தும் அறையைப் பார்த்துக்கொண்டவன் நான். பச்சைக்காய் ஆவி விடும்வரை காற்றுவழிகளைத் திறந்து வைப்போம். பிறகு அடைத்துச் சூட்டைப் பிடித்து நிறுத்துவோம். இயந்திரம் வந்த சில நாட்களிலேயே, குழாய் வழியே சூடு வீணாவதையும் பனி உள்ளே நுழைவதையும் பார்த்துப் பொறுக்கவில்லை. ஸ்டோர் பழக்கத்தில் சாக்கைக் கட்டினேன். காய்க்கு ஆவது துணிக்கு ஆகாதா என்ற எண்ணம். காயிலிருந்து பஞ்சு பறக்காது என்பது தோன்றவே இல்லை.

"நாந்தான் கட்டுனேன்," என்றேன்.

மெக்கானிக் என்னையே பார்த்தார். "சூடு மீறினா தானா நிக்கிற சுவிட்சு ஒண்ணு இதுல இருக்கு. முன்னாடி எப்பயாச்சும் நின்னுச்சா?"

"ரெண்டு தடவ."

"வேணாம் வேணாம்னு அது சொல்லியிருக்கு. நீங்க திரும்பத் திரும்பப் போட்டிருக்கீங்க."

மகள் எப்போது வந்து கதவருகே நின்றாள் என்று தெரியவில்லை. இயந்திரத்துக்கும் தொட்டிலுக்கும் நடுவில் நான்கடி இருக்கும். அவள் அந்த நான்கடியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இனிமே இவ இங்க படுக்க வேணாம்ப்பா."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளிர்ந்து கிடந்த முன்னறைக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மெக்கானிக் குழாய் முழுவதையும் துடைத்து, கம்பிச்சுருளை மாற்றினார். குழாய் வாயில், காற்று தள்ளினால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் தகடு ஒன்றையும் பொருத்தினார். மாலையில் முதல் ஈடு போட்டபோது என்னால் உள்ளே உட்கார முடியவில்லை. பின்பக்கம் போய் மழையில் நின்று, குழாய்க்கு நேராக உள்ளங்கையைப் பிடித்தேன். ஈரமான சூடு வந்து மோதியது.

"ஏங்க, காச்சல்ல படுக்கப் போறீங்களா? உள்ள வாங்க!" மனைவி ஜன்னலிலிருந்து கத்தினாள்.

கையைச் சற்று எடுத்தாலும் காற்று நின்றுவிடுமோ என்று பயம். இயந்திரம் ஓய்ந்து தகடு மூடும்வரை எடுக்கவில்லை.