இரண்டாம் துளையில் வந்த மூச்சு

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான். விளக்கு தானாக அணைந்தால் வயரைப் பார்ப்பேனே தவிர ஜெபமாலையைத் தேட மாட்டேன். கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கலாம், என் மகளே சிரித்திருக்கிறாள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அறுபதுகளில் போர்ட் பிளேரில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தேன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை. கல்யாணமாகி ரோஸ்லினைக் கப்பலில் கூட்டிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எனக்கு இந்த மவுத் ஆர்கன் பைத்தியம் பிடித்தது. பிடிக்கவைத்தவன் டெரிக். மெட்ராஸ் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியன், என் வயதுதான். கல்கத்தா துறைமுகத்தில் வெளிநாட்டு மாலுமிகளோடு சேர்ந்து ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப் பாட்டு, வாசிக்கப் பழகியவன். கப்பல் சாத்தம் ஜெட்டியில் நிற்கிற இரண்டு மூன்று நாளும் எங்கள் வீட்டு மீன்குழம்புக்கு வந்துவிடுவான். அப்படி வந்தபோது ஒருமுறை பத்துத் துளை மவுத் ஆர்கன் ஒன்றை என் கையில் வைத்தான்.

நானும் சினிமாப் பாட்டெல்லாம் ஊதுகிறவன்தான், ஊதிக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டான். "ஊதறது யாருக்குத்தான் வராது மேன்? ப்ளூஸ்ல இழுக்கணும். அழறவன் விக்கி விக்கி மூச்சை உள்ள இழுப்பான் பாரு, அப்படி இழு" என்றான். மூச்சை இழுக்கும்போதே நாக்கைப் பின்னால் கொண்டுபோய்த் தாழ்த்தவேண்டும், 'ஈ' என்று தொடங்கி 'ஊ' என்று முடிக்கிற மாதிரி. அப்போது சுருதி வளைந்து கீழே இறங்கும். நாலாம் துளை எனக்கு ஒரு மாதத்தில் வளைந்துவிட்டது. இரண்டாம் துளைதான் என்ன செய்தும் வளையவில்லை. ப்ளூஸின் உயிரே அந்தத் துளையில்தான் இருக்கிறது என்பான் டெரிக். பலமாக இழுத்தால் அடைத்துக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் நேராக நிற்கும். வேலைவிட்டு வந்ததும் அதோடு உட்கார்ந்துவிடுவேன், சாப்பாடு ஆறிப்போகும்.

"பூனைக்கு வயித்துவலி வந்த மாதிரி இருக்கு. புள்ள பயந்துகிட்டு உள்ளயே இருந்துக்கப் போவுது" என்பாள் ரோஸ்லின், வயிற்றைத் தடவிக்கொண்டே.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மாமியார் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். இங்கே பெரிய ஆஸ்பத்திரி நடந்துபோகிற தூரத்தில் இருந்தது, அங்கே மருத்துவச்சிதான். ரோஸ்லினுக்கும் இங்கேயே இருந்துவிட ஆசை. "நீங்க ஒரு வார்த்தை எழுதுனா அம்மா கேட்டுக்கிடும்" என்றாள். நான் எழுதவில்லை. வழக்கத்தை மீறவேண்டாம் என்று வாயால் சொன்னேன். உண்மை என்னவென்றால், நாலைந்து மாதம் தொந்தரவில்லாமல் வாசித்துப் பழகலாம் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். ஏழாம் மாதத்தில், ஊர்க்காரக் குடும்பம் ஒன்றோடு கப்பலேற்றிவிட்டேன்.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருட்டு கிருட்டு ஒன்றும் இல்லை, பட்டப்பகல், வெளியே நல்ல மழை. பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து இரண்டாம் துளையை இழுத்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும். திடீரென்று சுருதி வளைந்தது. இத்தனை நாள் முரண்டு பிடித்த துளை, கொஞ்சமும் தடையில்லாமல் இறங்கியது. நான் இழுப்பதை நிறுத்தினேன், சத்தம் நிற்கவில்லை. நம்பினால் நம்புங்கள், காற்று தானாக என் வாய்க்குள் வந்துகொண்டிருந்தது. வெதுவெதுப்பான காற்று. ரோஸ்லின் பல்வலிக்காக எந்நேரமும் கிராம்பை அடக்கி வைத்திருப்பாள், அந்த வாசம் அதில் இருந்தது. நெஞ்சு முட்ட நிறைந்த பிறகும் வந்தது. சுருதி இறங்கி, மறுபடி ஏறாமல், அப்படியே தேய்ந்து நின்றது.

உடனே கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு அப்பாராவ், தெலுங்குக்காரர், மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார். "பாய், அந்தர் கோன் ரோ ரஹா ஹை? எந்தப் பொம்பளை அழுவுது?" என்று இந்தியும் தமிழும் கலந்து கேட்டுக்கொண்டே வீடு முழுக்க எட்டிப் பார்த்தார். நான் மவுத் ஆர்கனைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனாரே தவிர நம்பவில்லை.

மறுநாள் தந்தி வந்தது. ரோஸ்லின் இறந்துவிட்டாள், பெண் குழந்தை சுகம். அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தீவில் இருக்கிறவனுக்கு மெயின்லேண்டில் சாவு என்றால் இதுதான் கதி, அடக்கம் முடிந்து கல்லறை மண் இறுகிய பிறகுதான் போய்ச் சேரமுடியும். தினமும் ஜெட்டிக்குப் போய், கப்பலில்லாத கடலைப் பார்த்து அழுதுவிட்டு வருவேன்.

ஊரில் மாமியார் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "புள்ள நல்லபடியாப் பொறந்துட்டு மாப்ள. நஞ்சுக்கொடிதான் விழல." அப்படி ஆனால் தாயை வெறும் பாட்டிலுக்குள் பலமாக ஊதச் சொல்வது எங்கள் பக்கத்து மருத்துவச்சிகளின் வழக்கம், வயிறு இறுகிக் கொடி இறங்கும் என்பார்கள். "அவசரத்துக்குப் பாட்டில் கெடைக்கல. இவதான் பெட்டியக் கைகாட்டுனா. உள்ள உங்க பழைய மவுத் ஆர்கன் கெடந்துச்சி" என்றார். சினிமாப் பாட்டு ஊதிக்கொண்டிருந்தது அது. டெரிக் தந்தது வந்ததும் நான் வேண்டாமென்று தூக்கிப்போட்டதை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறாள். "அதத்தான் ஊதுனா. ரத்தம் போய்க்கிட்டே இருக்கு, இவ ஊதிக்கிட்டே இருக்கா. ஞாயித்துக்கெழம, கோயில்ல மூணு மணி அடிக்கையில சத்தம் நின்னு போச்சி."

மகளை மூன்று வயதில் இங்கே கூட்டிவந்து நானே வளர்த்தேன். இரண்டாம் துளை அன்றிலிருந்து ஒருநாளும் முரண்டு பிடித்ததில்லை. டெரிக் கேட்டு அசந்துபோய், எப்படிப் பிடித்தாய் என்று கேட்டான். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

உங்களிடமும் ஒன்றை மாற்றித்தான் சொன்னேன். இழுப்பதை நிறுத்தினேன் என்றேனே, உடனே நிறுத்தவில்லை. வாய்க்குள் வருவது என் மூச்சு இல்லை, அவளுடையது என்று கிராம்பு வாசத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் சுருதி அவ்வளவு அழகாக வளைந்துகொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.